ஒரே நாளில் இறைத்த தண்ணீர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்குச் சளி, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான். வெள்ளம் வடிந்து பன்னிரண்டு நாளாகிறது, கடைத்தெருவில் நம் கட்டடத்தையும் சேர்த்து ஏழு பழைய கட்டடங்களை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். போன வருடம் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பித்தளைப் பலகை அடித்தார்களே, அதற்கு நேர் கீழே. கொஞ்சமும் வெட்கமில்லை.

வெள்ளம் நம் சுவரை ஒன்றும் செய்யவில்லை. நிலவறையில் தண்ணீர் நின்றால் நம் தெருவில் நாளுக்கு ஒரு முழம்தான் இறைப்போம், சுவரில் கோடு போட்டு அதற்கு மேல் மோட்டாரை ஓடவிட மாட்டோம். வெளியே மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே சட்டென்று காலி செய்தால் சுவர் உள்பக்கம் சாயும் என்று இங்கே யாருக்குத் தெரியாது? நகராட்சிக்குப் புதிதாக வந்த பொறியாளர், அந்த அவசரக்குடுக்கை, மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் இறைக்கச் சொன்னார். நான் குழாயை உள்ளே விடாமல் படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் பாவம், சரி என்றார், சாயங்காலமே அவர் நிலவறைச் சுவர் உள்ளே விழுந்தது. இப்போது அதைக் காட்டி ஏழுமே பலவீனம் என்கிறார்கள். செய்வதையும் செய்துவிட்டுப் பழியைச் சுவர்மேல் போடுகிறார்கள். நம் சுவரைத் தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், ஒரு விரிசல் இல்லை.

நேற்று இதைச் சொல்லத்தான் நகராட்சிக்குப் போனேன். அந்தப் பொறியாளர் என்னைப் பேசவிட்டுவிட்டு ஃபைலைத் திருப்பிக் காட்டினார். இடிக்கச் சம்மதம் என்று உரிமையாளர் கையெழுத்து. கட்டடம் உன் பேரில் இருக்கிறது, கையெழுத்தும் உன்னுடையது. போன வாரம் போனில் மழை விட்டதா, மருந்து சாப்பிட்டாயா என்று அரைமணி நேரம் கேட்டாயே, இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? எங்கள் பாதுகாப்புக்குத்தான் என்பாய். கீழே தையல் கடை, மேலே வீடு என்று அதில் வாழ்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? போனில் கத்தினால் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

மாதக் கடைசிக்குள் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக நகராட்சிக்கு எழுதி அனுப்பு, மறந்துவிடாதே. பழைய கட்டடம் தெரிந்த ஆள் ஒருவர் வந்து பார்க்கட்டும். குளிரில் குழந்தையை வெளியே அழைத்துப் போக வேண்டாம். உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, கோபத்தால் அது குறைந்துவிடாது. எழுத மனசில்லையென்றால், அப்பாவுக்கு போன் செய்து, இடிக்கச் சொன்னது நான்தான் என்று உன் வாயாலேயே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா