நூலில்லாமல் தைத்த கோடுகள்

அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? தைலம் தடவ மறக்காதே.

இந்தத் தையல் ஆலையில் எதற்கெடுத்தாலும் ‘பேசிக்’ என்கிறார்கள். அடிப்படை என்று அர்த்தமாம். தங்கும் அறையும் பேசிக்தான். ஒரு கட்டில், ஓர் ஆணி. இருபது வருஷம் ரவிக்கை தைத்த என்னிடம் சூப்பர்வைசர், “அண்ணே, முதல்ல பேசிக் பாத்துடலாம்” என்று, நூல் கோக்காத மெஷினில் வெள்ளைக் காகிதத்தை வைத்து நேர்கோடு தைக்கச் சொன்னார். சிரிக்காதே, தேறிவிட்டேன்!

அந்தக் காகிதத்தில்தான் எழுதுகிறேன். ஊசித்துளைகளைத் தடவிப் பார். மூன்றாவது கோடு மட்டும் கோணியிருக்கும். இந்நேரம் நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று யோசித்துவிட்டேன்.

என் பேசிக் தேவை ஒன்றுதான். மெஷின் துடைக்க உன் பழைய புடவையில் ஒரு துண்டு அனுப்பு. மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: துண்டைத் துவைக்க வேண்டாம்.