செந்தறியில் நான் விட்ட பத்தி

என் பிரியமுள்ள மாப்பிள்ளை கோவிந்தனுக்கு,

உங்களிடம் நேரில் பேசும்போதே எனக்கு வாய் குழறும். நீங்கள் கண்ணை மூடி மூன்று ஆண்டுகள் கழித்து, ஊரே படிக்கும்படி எழுதுவதென்றால் சும்மாவா? நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் தொழிலாளர் படிப்பகம் நடத்தும் செல்வி என்ற பெண், நம் ஊரில் வந்து நின்றுபோன பத்திரிகைகளைப் பற்றி ஒரு சிறு நூல் கொண்டுவருகிறாள். நம் 'செந்தறி'யின் வரலாற்றை நான்கு பக்கத்தில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டாள். இதழ்கள் அத்தனையையும் வரிசை எண் போட்டுத் தைத்து வைத்திருப்பவன் நான் ஒருவன்தானே.

மூன்று பக்கம் சுலபமாக வந்தது. ஆலையில் தறி ஓட்டிய நீங்கள் ஒரு வார இதழ் தொடங்கியது, காசிம் பாய் தன் அச்சகத்தில் இடம் கொடுத்தது, தமிழில் ஆறு பக்கமும், அப்போது அரசாங்க ஆபீசுகளில் நடந்த பிரெஞ்சில் இரண்டு பக்கமும் என்று முடிவானது. "தமிழு ஆலைக்கு, பிரெஞ்சு ஆபீசுக்கு. அதிகாரிங்க செய்யலன்னு சொல்லலாம், தெரியாதுன்னு சொல்லக் கூடாது முசே" என்பீர்கள். பள்ளியில் பிரெஞ்சு படித்த எனக்கு நீங்கள் வைத்த பட்டம் 'முசே', பிரெஞ்சில் 'ஐயா'. உங்கள் தலையங்கத்தை நான் பிரெஞ்சில் எழுதித் தருவேன். அரசாங்க குமாஸ்தா என்பதால் என் பெயர் எங்கும் வராது.

நான்காம் பக்கத்தில், இதழ் ஏன் நின்றது என்ற இடத்தில், "சில சூழ்நிலைகளால்" என்று எழுதியிருந்தேன். செல்வி படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னா சூழ்நில ஐயா? எங்கப்பா அந்த ஆலையில இருந்தவருதான். அது ரெட்டை வேஷப் பத்திரிகை, அதான் படுத்துடுச்சின்னுவாரு. அதையே போட்டுடட்டுமா?"

"யோசிச்சி சொல்றம்மா" என்று தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருந்தது, மாப்பிள்ளை?

முதலாளி ஆலையைப் பூட்டிய வாரம் நீங்கள் எழுதிய தலையங்கத்தில் ஐந்து பத்திகள். நான்காவதில் ஒரு கேள்வி இருந்தது: பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய அதிகாரிக்கு அதற்கு முந்தின நாள் முதலாளி வீட்டு விருந்தில் என்ன வேலை? அந்த அதிகாரி என் மேலதிகாரி. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். என் பிரெஞ்சு அவருக்கு என் கையெழுத்தைப் போல அடையாளம் தெரியும். மற்ற வாரங்களில் கண்டும் காணாமலும் இருந்தார். இதைச் சும்மா விடமாட்டார் என்று பயந்தேன்.

அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பிரெஞ்சில் எழுதிக் காசிம் பாயிடம் கொடுத்தேன். பிரெஞ்சுப் பக்கத்தில் நான்கு விரல் அகலம் காலியாக நின்றது. அவர் தன்னிடம் கிடந்த ஒரு படகுப் படத்தின் அச்சு பிளாக்கை வைத்து அதை அடைத்துவிட்டார். உங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆலை வாசலில் கூட்டம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் ஒருவரின் மகன், இரண்டு மொழியும் படிப்பவர், இரண்டு பக்கங்களையும் உயரத் தூக்கிப் பிடித்தார்.

"ஏம்ப்பா கோயிந்தா, எங்களுக்கு ஒண்ணு, தொரைக்கு ஒண்ணா எழுதறே? விருந்து சமாச்சாரம் பிரெஞ்சுல எங்கப்பா?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "இடம் பத்தல மாப்ள" என்றேன் மெல்ல. பிரெஞ்சில் ஓர் எழுத்தும் அறியாத நீங்கள், அதை நம்பிச் சத்தமாகச் சொன்னீர்கள். அவர் பிரெஞ்சுப் பக்கத்துப் படகுப் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இடம் பத்தலியா? அப்போ இந்தப் படகு எப்பிடிப்பா மெதக்குது?"

கூட்டம் சிரித்தது. நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. "ஆசிரியர் நானு. வந்ததுக்கும் வராததுக்கும் நான்தான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினீர்கள். அந்த வாரத்து இதழ்கள் கட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தன. இரண்டு மாதத்தில் செந்தறி நின்றது.

என்னை நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என் வேலை போய்விடும் என்றா? என் தங்கை அஞ்சலைக்காகவா? கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றும் உறுதியாக எழுத முடியவில்லை. முசே என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்துக்குப் போனேன். உங்கள் மகன் அங்கே வீடு கட்டிவிட்டான்; வெளிச்சுவருக்கு மட்டும் இன்னும் பூச்சு பாக்கி. அஞ்சலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

"ரேஷன் கடை வரிசையில நின்னா, ரெட்டை வேஷக்காரன் பொண்டாட்டின்னு பின்னால பேசுவாளுங்க. அவரு காதுலயும் உழும். ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டாரு. நீ இத வயித்துலயே வச்சிக்கினு எங்க வீட்டு சோத்தையும் தின்னுட்டுப் போயிருக்கே, இல்ல?"

"பயந்துட்டேம்மா."

"இப்ப?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எழுதறதுன்னா பேரைப் போட்டு எழுது. இல்லன்னா இந்த வாசப்படி மிதிக்காத." காபி தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்காம் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். உங்கள் கேள்வி தமிழில் முழுதாக இருக்கிறது. அதன் கீழே பிரெஞ்சிலும், அன்று நான் தந்திருக்க வேண்டியபடியே. யார் அதை விட்டது, யார் பொய் சொன்னது, பழியை யார் வாங்கிக்கொண்டது என்று மூன்று வாக்கியங்கள். எனக்காக இரக்கப்பட்டு அவற்றில் ஒன்றைக் குறைக்கலாமா என்று செல்வி கேட்டால், கூடாது என்று சொல்வேன். திங்கட்கிழமை காலையில் உப்பளம் போய் அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன். அங்கிருந்து நேரே மூலக்குளம். அஞ்சலை கதவைத் திறப்பாளா, தெரியாது. திறக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாங்க மாட்டேன், மாப்பிள்ளை. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அஞ்சலையின் அண்ணன், உங்கள் மச்சான்,
செந்தறியின் பிரெஞ்சுப் பக்கங்களை எழுதிய
இரா. ஆறுமுகம்