குரோட்டன் நிற்கும் வாசல்

சேசு மரி சூசை துணை

புக்கிட் ரோத்தான்,
9 டிசம்பர் 1951

அன்புள்ள மகன் கிளாரன்சுக்கு அம்மா எழுதுவது.

தடுப்புக்காவல் முகாமிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கையெழுத்து மோசமாகிவிட்டது. அங்கே வெளிச்சம் போதவில்லையா? வயிறாரச் சாப்பிடுகிறாயா?

நம் வீடு இப்போது இல்லை. சர்க்கார் போட்ட முள்வேலிக்கு வெளியே யாரும் குடியிருக்கக் கூடாதென்று எல்லாரையும் உள்ளே கொண்டுவந்து, வீட்டையும் பிரித்துவிட்டார்கள். புதிய லயத்து வரிசை வீடுகளில் எல்லா வாசலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நானே ஒருநாள் அடுத்த வீட்டு லெட்சுமியின் சமையலறைக்குள் போய், என் பானையை யார் நகர்த்தியது என்று கேட்டேன். “உக்காருங்கம்மா, சாப்பிட்டுக்கிட்டே திட்டுங்க” என்றாள்.

பழைய வீட்டை விடும்போது, அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தபோது வைத்த குரோட்டனில் சில கிளைகளை வெட்டினேன். கணுவுக்குக் கீழே சரித்து வெட்டி, வழியில் வாடாமல் இருக்க இலை ஒன்றுகூட விடாமல் உருவி, ஈரச் சாக்கில் கட்டினேன். அந்த ஒழுங்கே வினையாயிற்று. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடாகிவிடும் என்று இங்கே மரவள்ளி நடத் தடை. கேட்டில் காவல் நின்ற நம் தோட்டத்து வீரன் கட்டைப் பிரித்து, “மரவள்ளிக் குச்சிதானே இது! காட்டுல இருக்கிறவனுக்கு விருந்தா, டிரஸ்ஸரம்மா?” என்றான். “உன் முதுகுக் கட்டியைக் கீறி ஆற்றிய டிரஸ்ஸர் வைத்த செடி” என்றேன். “கட்டி வேற, ஆர்டர் வேறம்மா” என்று வடிகாலோரம் எறிந்துவிட்டான்.

மழையில் ஒரு குச்சி மட்டும் அங்கேயே வேர் பிடித்தது. மஞ்சளும் சிவப்புமாக இலை விட்ட பிறகு, வீரனே அதைத் தோண்டி, பால் டின்னில் வைத்து எடுத்துவந்தான். “மரவள்ளி இல்லைம்மா” என்றான். எனக்குத் தெரியும் என்றேன். கோப்பி கொடுத்தேன். செடியை வாசலுக்கு இடப்பக்கம் நட்டிருக்கிறேன்.

போன வாரம் ஓர் அதிகாரி வந்தார். உன்னை விடுவித்தால் யார் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளைக்குத் தாயைத் தவிர வேறு யார் என்று, அவரைவிடத் திருத்தமான ஆங்கிலத்தில் சொல்லிக் கையெழுத்திட்டேன். அவர் எதற்கும் உறுதி சொல்லவில்லை.

நீ தொழிற்சங்கத்தில் சேர்ந்தது எனக்கு அன்றும் சம்மதமில்லை, இன்றும் இல்லை. அதை வீட்டில் வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

விட்டால் நேரே வா. யாரிடமும் வழி கேட்டு நிற்காதே. இந்த வரிசையில் குரோட்டன் நிற்கும் வாசல் ஒன்றுதான். குழாய் தூரத்தில் இருக்கிறது. வாளி தூக்க எனக்கு இப்போதெல்லாம் முடிவதில்லை. செடி தண்ணீர் கேட்கிறது, கிளாரன்ஸ்.

தேவமாதா உன்னைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பாளாக.

உன் அம்மா,
ஜெனவீவ்