நாலு காலும் நாலு உயரம்

ஜனவரி 20, திங்கள்

மொட்டை மாடியில் எதையும் நிரந்தரமாகப் போடக் கூடாதாம். கீழ்வீட்டு உத்தரவு. வழக்கம்போல இவர்தான் படியேறி வந்து சொன்னார்: "அண்ணி சொல்றாங்க, ஸ்டூல் கீல்னு எதையும் மேல விட்டு வைக்கக் கூடாதாம். துணி காயப்போட இடைஞ்சலா இருக்காம்."

இவருடைய அண்ணன் பெண்டாட்டி என்றால் மாடிக்கே பட்டா வாங்கிவிட்டாளா? ஓரகத்தி வாய்த்தால் இப்படியா வாய்க்க வேண்டும்? தண்ணி மோட்டாரை யார் எப்போது போடுவது என்ற தகராறுக்குப் பிறகு இரண்டு வருடமாக எனக்கும் திரௌபதி அக்காவுக்கும் நேர்ப் பேச்சில்லை. எல்லாம் இவர் வழியாக, பாலாஜி தபால்தான்.

எங்கள் போர்ஷனில் கட்டில் போட்டது போக நடக்கத்தான் இடம். கேரம் பலகையை எங்கே வைத்துப் பழகுவது? மார்ச்சில் அரசு ஊழியர் கேரம் போட்டி. போன வருடம் அரையிறுதியோடு போச்சு. இந்தத் தடவை ஜெயித்தால் மாவட்டத்துக்காகச் சென்னையில் ஆடலாம். ஆபீசில் இத்தனை வருடம் குப்பை கொட்டுகிறேன், எல்லோருக்கும் நான் "மேடம், அந்த ஃபைல்" மட்டும்தான். எழிலரசி என்று முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போட்டியன்று மைக்கில்தான்.

நிரந்தரமாகத்தானே கூடாது? மடக்குகிற மாதிரி நானே ஒரு மேசை செய்கிறேன். பார்த்துவிடலாம்.

ஜனவரி 25, சனி

மேசைக்கு மலைவேம்பு ரீப்பர்ச் சட்டங்கள் வாங்கி வந்தேன். தேக்கு நல்ல பலம்தான், ஆனால் தினமும் யார் மாடிக்கு ஏற்றி இறக்குவது? இது எடை கம்மி. திருகாணியும் பிடிக்கிறது.

இவர் ஒரு கை பிடிக்கவில்லை. ஐ.பி.எல். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் பழைய மேட்சுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கீல் அடித்து நான்கு கால்களையும் மாட்டியாயிற்று. மடக்கிப் பார்த்தால் இந்தப் பக்கக் காலும் அந்தப் பக்கக் காலும் முட்டிக்கொள்கின்றன. சட்டத்தின் நீளத்தில் பாதிக்கு மேல் கால் நீளம் — இது கூடத் தோன்றவில்லையே எனக்கு. எல்லாவற்றையும் கழற்றி, ஒரு ஜோடியை உள்ளே தள்ளி, மற்ற ஜோடிக்கு நடுவில் அடங்குகிற மாதிரி மறுபடி மாட்டினேன். ஆட்டம் நிற்கக் குறுக்குக் கட்டை. இப்போது சப்பையாக மடங்குகிறது. ஒரு கையால் தூக்கலாம்.

"அண்ணி கேக்கறாங்க, வேலைய விட்டுட்டு ஆசாரியா போவப் போறாளான்னு."

"பாடை கட்டப் பழகறேன்னு போய்ச் சொல்லுங்க."

அப்படியே போய்ச் சொல்லிவிட்டார் மனுஷர்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரஹமத் பாய் கடையில் மட்டம் பார்க்கிற ரசமட்டம் இரவல் வாங்கினேன். மாடித்தளம் மழைத்தண்ணீர் ஓட வாட்டமாகப் போட்டது. மேசையை வைத்தால் சாய்கிறது. சாய்ந்த பலகையில் கேரம் ஆட முடியுமா? நான் உட்காரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ரசமட்டத்தின் குமிழ் நட்டநடுவில் வரும்வரை ஒவ்வொரு காலாக அறுத்தேன். முதுகு விட்டுப்போயிற்று. வந்தது.

துணி எடுக்க வந்த அக்கா பார்த்தாள். சிரித்துவிட்டுப் போனாள். ராத்திரி சாப்பாட்டோடு தபால் வந்தது: நாலு காலும் நாலு உசரமாம், நொண்டி மேசையாம்.

நாக்கில் சனி.

பிப்ரவரி 12, புதன்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் வேங்கிக்கால் ஆபீசிலிருந்து நடந்தே வந்தேன். நிலா வெளிச்சத்திலேயே இரண்டு ஆட்டம் போட்டேன். மேசை இம்மி அசையவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நான் சந்தோஷமாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. மாடி முழுக்கக் கூலிங் டைல்ஸ் போடுகிறாளாம். நாலு நாளைக்கு யாரும் மேலே கால் வைக்கக் கூடாதாம். வெயிலே இன்னும் வரவில்லை, அதற்குள் என்ன கூலிங்? எனக்குப் போட்டி இருப்பது தெரிந்தே பண்ணுகிறாள்.

மார்ச் 2, ஞாயிறு

மெதுவாக அடிக்கிற காயெல்லாம் இடது பக்கம் இழுக்கிறது. மணிக்கட்டு திரும்புகிறதோ? வலது பக்கம் கொஞ்சம் தள்ளிக் குறி வைத்தேன், விழுந்தது. இத்தனை வருடமாக இந்தக் கோளாறோடுதான் ஆடியிருக்கிறேனா? போன வருடத் தோல்விக்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

கை பழகிவிட்டது. பத்துக்கு ஒன்பது விழுகிறது.

மார்ச் 15, சனி

முதல் சுற்றிலேயே போச்சு.

எதுவும் விழவில்லை. குழி வாய்க்கு நேராக இருந்த சிவப்புக் காயைக்கூட விட்டேன். கீழ்பென்னாத்தூர் ரூக்ஸார், சின்னப் பெண், ஜெயித்துவிட்டு அவளே சங்கடப்பட்டாள். "அக்கா, நீங்க எல்லாத்தையும் ரைட்லயே தள்ளி அடிக்கிறீங்க. வீட்டு போர்டு சாஞ்சிருக்கா?"

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. டைல்ஸ். போடும்போது தளத்தின் வாட்டமே மாறியிருக்கும். மேசையை நான் சந்தேகப்படவே இல்லை. நான் அறுத்த கால் ஆயிற்றே.

நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? நான் என்ன பாவம் பண்ணேன் உங்களுக்கு?"

"என்ன பண்ணேன்? தண்ணி என் பக்கமே நின்னு சுவரு ஊறுது, மேஸ்திரிகிட்ட சொல்லி வாட்டத்த மாத்தினேன். அன்னிக்கே தம்பிகிட்ட சொன்னேனே, அவ கால அளந்து வெட்டி வச்சிருக்கா, இனிமே சரிப்படாது, சொல்லிடுன்னு."

இவர் படிக்கட்டில் நின்றிருந்தார். "சொன்னா நீ சண்டைக்கு வருவ. போட்டி நேரத்துல எதுக்குன்னு..."

அக்கா இவரையே பார்த்தாள். "அப்போ இவ அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, நான் ராத்திரிக்குத் துணைக்கு வரட்டுமான்னு கேட்டேனே. அதையாவது சொன்னியா?"

சொல்லவில்லை. ஒன்பது ராத்திரி தனியாக உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்த்தாளா என்று இன்று வரை அவளைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

நொண்டி மேசை வந்தது. ஆசாரி வந்தது. ஒரு வசவு விடாமல் வந்து சேர்ந்தது. இது மட்டும் ஏன் வரவில்லை? இப்போது புரிகிறது. வசவு என்றால் சொல்லிவிட்டுப் போய் டிவி பார்க்கலாம். துணைக்கு வருகிறாள் என்றால் வண்டியில் கூட்டிப்போக வேண்டும், திரும்பக் கூட்டிவர வேண்டும். வாட்டம் மாறிவிட்டது என்றால் மறுபடி கால் அறுக்க மேசையைப் பிடிக்க வேண்டும்.

சென்னை போச்சு. இனி அடுத்த வருடம்தான். பாவி மனுஷா.

மார்ச் 18, செவ்வாய்

இவரோடு பேசவில்லை. நாலாவது நாள்.

மார்ச் 23, ஞாயிறு

மேசைக் கால்களை மறுபடி அறுக்க வேண்டும். மாடியில் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா துணி எடுக்க வந்தவள், கூடையை வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தாள். பாசமெல்லாம் இல்லை. பிடித்துக்கொண்டே திட்டினாள்.

"மரத்தூளெல்லாம் என் டைல்ஸ்லதான் கொட்டணுமா? பெருக்கிட்டுப் போ."

"உங்க டைல்ஸ் வந்துதான் என் பொழப்பே போச்சு."

"பாடை கட்டறேன்னு சொன்னவதானே நீ?"

"ஆசாரின்னு சொன்னது யாரு?"

மோட்டார் தகராறையும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தோம். அதில் அவள் சொன்னது பாதி பொய். முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

நடுவில் இவர் மேலே வந்தார். என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, அக்காவிடம் போய் நின்றார். நான் மேசைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன், எட்டினால் தொடலாம். "அண்ணி, பசிக்குது. எழிலுகிட்ட கொஞ்சம் சொல்லுங்க."

அக்கா கட்டையைத் திருப்பிப் பிடித்தாள். "ம், அறு" என்றாள் என்னிடம். இவர் தபாலை அவள் கொண்டுவரவில்லை.