ஆறாவது வட்டம்

மக்காய்,
22 ஏப்ரல் 1990

அன்புள்ள ஜனைன்,

நலம். நீயும் நலமாக, கடல் பழகி, வாந்தியெல்லாம் நின்று இருப்பாய் என்று நம்புகிறேன். ஃப்ரீசரில் நீ வைத்துவிட்டுப் போனதெல்லாம் தீர்ந்துவிட்டது. நேற்று ஸ்டூ என்று நினைத்து நான் சூடாக்கியது நாய்க்காக நீ வேகவைத்த எலும்புச் சாறு. பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பரவாயில்லை, நாய்தான் இன்னும் கோபமாக இருக்கிறது.

பிறந்ததிலிருந்து கோச்சின் மகள், கல்யாணத்திலிருந்து ஆட்டக்காரனின் மனைவி. ஒரு சீசனாவது பந்து துள்ளுகிற சத்தம் கேட்காத இடத்தில் இருக்கிறேன் என்று இறால் படகில் சமைக்கப் போனவளுக்குக் கூடைப்பந்துச் செய்தி எழுதக் கூடாதுதான். ஆனால் என்னிடம் வேறு செய்தி ஏது? நம் மார்லின்ஸ் அணி முதல் மூன்று ஆட்டமும் தோற்றாயிற்று. நம் தகரக் கூரை அரங்கத்தின் புழுக்கத்தில் தெற்கிலிருந்து வருகிறவர்கள் சுருண்டு விழுவார்கள் இல்லையா, இந்த வருஷம் நாங்கள் சுருளுகிறோம். புதிதாக வந்த அமெரிக்கன் டெர்ரல் என்னிடம், "டெஸ், இந்த ஊர்ல ஆளுங்க வேர்த்துக்கிட்டேதான் பொறக்குறாங்களா?" என்று கேட்கிறான்.

உன் அப்பா நன்றாக இருக்கிறார். கொஞ்சம் களைப்பு. போன வாரம் டெர்ரலைப் பார்த்து, "பேரி, உள்ள போ!" என்று கத்தினார். பேரி ஆட்டத்தை விட்டு எட்டு வருஷமாகிறது. பையன்கள் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார்.

ஈரத் தளத்தில் பார்த்து நட.

உன் டெஸ்

*

'சில்வர் டெர்ன்' படகு,
கார்ப்பென்டாரியா வளைகுடா,
11 மே 1990

அன்புள்ள டெஸ்,

சப்ளைக் கப்பல் உன் கடிதத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே சாக்கில் கொண்டுவந்து போட்டது. இரண்டிலும் மண்.

ஐந்து ஆம்பளைகளுக்குச் சமைக்கிறேன். இறாலைத் தவிர எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிறார்கள். கேப்டன் நெவில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவார், அதில் மூன்று கெட்ட வார்த்தை. காலையில் கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடக்கும்போது நான் தேநீரோடு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. இந்தச் சுகம் எனக்கு இதுவரை தெரியாது, டெஸ். உன்மேல் வருத்தத்தில் சொல்லவில்லை.

ரேடியோவில் பேசச் சொல்கிறாய் என்று நெவில் சொன்னார். வேண்டாம். அதில் பேசினால் வளைகுடாவில் இருக்கிற அத்தனை படகும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். எழுது.

அப்பா ஏன் எழுதவில்லை? பேரி விஷயம் எனக்கு என்னவோபோல் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் ஆடினவனின் சட்டை எண்ணைக்கூடச் சொல்கிறவர் அவர். உண்மையிலேயே நன்றாக இருக்கிறாரா?

அன்புடன்,
ஜனைன்

*

மக்காய்,
3 ஜூன் 1990

அன்புள்ள ஜனைன்,

இதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது என்றுதான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது ஆட்டத்தில் ஏழு தோல்வி. அரங்கத்தின் மேல் வரிசைப் பயல்கள், "கோச்சை மாத்து! இல்லன்னா கூரையையாவது மாத்து!" என்று பாட்டாகவே கட்டிவிட்டார்கள். அதெல்லாம் நமக்குப் பழக்கம்தான். போன சனிக்கிழமை அடிலெய்டோடு நடந்தது வேறு.

கடைசி நிமிஷம், இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். டைம்-அவுட்டில் உன் அப்பா பலகையை எடுத்து வட்டம் வட்டமாகப் போட்டார். ஐந்து பேர் ஆடுகிற ஆட்டத்தில் எங்கள் பக்கம் ஆறு வட்டம். ஆறாவதிலிருந்து ஓர் அம்பு இழுத்து, "இவன் இப்பிடி ஓடுறான். இவனை அவனுங்க கவனிக்கவே மாட்டானுங்க" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். டெர்ரல் மட்டும் மெதுவாக, "கோச், இந்த ஆறாவது ஆளு யாரு?" என்றான். உன் அப்பா அவனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு அதைத் தரையில் அடித்து உடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை உன் அப்பாவை நீக்குவது பற்றிப் பேச கிளப் கமிட்டி கூடியது. தலைவர் பிக்கரிங் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ குடும்பத்து ஆளு, டெஸ். நீ வேணாம்னா இந்தப் பேச்சையே விட்டுடறோம். சரின்னா செய்யறோம்" என்றார்.

நான் சரி என்றேன்.

முடிவைச் சொன்னதும் உன் அப்பா கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போய் வண்டி நிறுத்துமிடத்தில் தன் வண்டி எது என்று தெரியாதவர்போல் நின்றுகொண்டிருந்தார். கோபத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன்.

சீசன் முடியும்வரை என்னையே கோச்சாகவும் இருக்கச் சொல்கிறார்கள். ஆடிக்கொண்டே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டேன். வேறு ஆள் வந்து அவர் பெயரைக் கெடுப்பதைவிட இது மேல் என்று பட்டது. உனக்கு எப்படிப் படுமோ தெரியவில்லை.

டெஸ்

*

கரம்பா துறைமுகம்,
19 ஜூன் 1990

டெஸ்,

உன் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும். பக்கத்துப் படகுக்காரன் ரேடியோவில் நெவிலைக் கூப்பிட்டு, "உன் சமையக்காரம்மாவோட அப்பனைத் தூக்கிட்டாங்களாமே, தூக்குனது அவ புருஷனாமே!" என்றான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அழுவதற்கு ஒரு காரணம் கையிலேயே இருந்தது.

உன்னைப் பதினேழு வயதில் கரும்பு ஆலையிலிருந்து பொறுக்கியெடுத்து ஆளாக்கியவர் அவர். உன் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது தினமும் உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர். நம் கல்யாணத்தில் என்னைவிட உனக்காகத்தான் அதிகம் அழுதார். அவரை வெளியே தள்ளிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். அதையும் அவர் பெயரைக் காப்பாற்றத்தான் என்று எழுத உனக்குக் கை வந்திருக்கிறது.

இனிமேல் எழுதாதே.

ஜனைன்

*

டவுன்ஸ்வில்,
6 ஜூலை 1990

ஜனைன்,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு. ரேடியோவில் "டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரிக்கு வரவும், அப்பா பிழைத்துக்கொண்டார்" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். ஊருக்கெல்லாம் கேட்கும்படி அதற்குமேல் சொல்ல மனம் வரவில்லை. மீதியை இதில் எழுதி நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கமிட்டி முடிவுக்குப் பிறகு தினமும் பயிற்சி முடிந்து உன் அப்பா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவே இல்லை. கொசுவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிழலாக உட்கார்ந்திருப்பார். நான் பாட்டுக்கு வாசலில் நின்று அன்றைய பயிற்சியைச் சொல்லிவிட்டு வருவேன். திங்கட்கிழமை என்ன தோன்றிற்றோ, வண்டியிலிருந்து பந்தை எடுத்து அவர் வாசலிலேயே தட்ட ஆரம்பித்தேன். வேண்டுமென்றே மோசமாக. சும்மா இருப்பாரா?

"அடேய், இடது கையைத் தாழ்த்துடா! எத்தனை வருஷமாடா சொல்றேன்!" என்று வெளியே வந்து பந்தைப் பிடுங்கினார். வலது கையில் இரண்டு தட்டு, இடதுக்கு மாற்றினார். பந்து கையில் நிற்கவில்லை. உருண்டு வேலிக்குள் போயிற்று. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் இடது காலையும் இழுத்துத்தான் நடந்து வந்தார் என்று எனக்கு உறைத்தது.

"கோச், கையில என்ன?"

"கைக்கு ஒண்ணும் இல்ல. பந்துல காத்து இல்ல."

"அப்ப வண்டில ஏறுங்க. காத்தடிச்சுட்டு வரலாம்."

ஏறிக்கொண்டார், ஜனைன். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச்சில் கூரையின் மழைநீர்த் தகரத்தைக் கழற்றும்போது ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார். தலையில் லேசான இடி என்று யாரிடமும் சொல்லவில்லை. மண்டை ஓட்டுக்குக் கீழே ரத்தம் துளித்துளியாகக் கசிந்து, இத்தனை நாளும் மூளையை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றே விமானத்தில் இங்கே கொண்டுவந்து, மண்டையில் இரண்டு துளை போட்டு வடித்தார்கள். வயதானால் வருகிற மறதி நோய் இல்லையாம். தேறிவிடுவார் என்று டாக்டர் அடித்துச் சொல்கிறார்.

நாளை பெர்த்தில் ஆட்டம். நீ வரும்போது நான் இங்கே இருப்பதை விரும்பமாட்டாய் என்று நினைத்துக் கிளம்புகிறேன்.

டெஸ்

*

டவுன்ஸ்வில்,
14 ஜூலை 1990

அன்புள்ள டெஸ்,

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே டெலிபோன் இருக்கிறது. உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

அப்பா எழுந்து நடக்கிறார். தலையில் கட்டோடு வார்டு முழுக்கச் சுற்றி, பக்கத்துக் கட்டில்காரருக்கு நிற்கிற முறை சரியில்லை என்று பாடம் எடுக்கிறார். பாவம், அவருக்கு இடுப்பு எலும்பு முறிவு. நேற்று என்னிடம் நேராகவே கேட்டார்.

"என்னை டீம்லருந்து எடுக்கச் சொன்னது யாரு?"

பொய் சொல்ல முடியவில்லை. "டெஸ்" என்றேன்.

அதற்கு அவர் சொன்னது: "மத்தவனெல்லாம் என் மூஞ்சியைப் பார்த்துட்டு சும்மா இருந்தானுங்க. இவன் ஒருத்தனாவது வாயைத் திறந்தானே. திறக்கலைன்னா நான் இன்னும் பெஞ்சுலயே நின்னு கத்திக்கிட்டு இருந்திருப்பேன். அப்பிடியே சரிஞ்சிருப்பேன்." பிறகு, "அவனை ஏம்மா திட்டினே?" என்றார். நான் திட்டினதை நான் சொல்லவே இல்லை. என் முகத்திலேயே எழுதியிருந்தது போலும்.

திட்டினதற்கு மன்னித்துவிடு. நாற்காலி என்று எழுதினேனே, அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

ஆனால் ஒன்று மட்டும் என் தொண்டையில் நிற்கிறது. ஏப்ரலிலேயே அவர் தடுமாறுவதை நீ பார்த்துவிட்டாய். மே மாதம், அவர் உண்மையிலேயே நன்றாக இருக்கிறாரா என்று நான் கேட்டேன். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை, கமிட்டித் தீர்ப்புதான் வந்தது. ஏன்?

சித்தி வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த வாரம் நான் படகுக்குத் திரும்புகிறேன். நெவில் என் இடத்துக்கு ஆள் வைக்கவில்லையாம். அவரே சமைக்கிறாராம். மற்றவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஜனைன்

*

மக்காய்,
24 செப்டம்பர் 1990

அன்புள்ள ஜனைன்,

உன் கேள்விக்குப் பதில் எழுத இத்தனை நாளாயிற்று. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நீ முதல் முறையாக உனக்கென்று ஒன்றைச் செய்யப் போயிருக்கிறாய், நான் ஒரு வரி எழுதினால் ஓடி வந்துவிடுவாய், அதனால்தான் எழுதவில்லை என்று சொல்லலாம். அது பாதி நிஜம். மீதி என்னவென்றால், எனக்குப் பயம். அந்த மனுஷன் இல்லாமல் எனக்கு ஆட்டம் தெரியாது. அவர் நன்றாக இருக்கிறார் என்று உனக்கு எழுதியபோது எனக்கே சொல்லிக்கொண்டேன். தப்புதான். இனி எதுவானாலும் அன்றைக்கே எழுதுவேன்.

இப்போது நல்ல செய்தி. கடைசிப் பத்து ஆட்டத்தில் எட்டு ஜெயித்து, பிளே-ஆஃப் சுற்றில் கடைசி இடத்தைத் தொற்றிக்கொண்டோம். என்னாலேயே நம்ப முடியவில்லை. உன் அப்பா ஆகஸ்டிலிருந்து வருகிறார். முதல் நாள் விசிலை அவரிடம் நீட்டினேன். "வச்சுக்கடா. பசங்க இப்ப உன் சத்தத்துக்குப் பழகிட்டானுங்க" என்று சொல்லிவிட்டு மேல் வரிசைக்கு ஏறிப்போய், முன்பு அவரைக் கிண்டல் செய்த பயல்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர்கள் அரண்டுபோய் நகர்ந்து இடம் விட்டார்கள். அடுத்த வாரமே எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள்.

அரையிறுதி மூன்று ஆட்டம். சிட்னியில் ஒன்று தோற்று, இங்கே ஒன்று ஜெயித்து, நேற்று இங்கேயே மூன்றாவது. மூன்றாம் கால்பகுதியில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கிறேன், கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே அவர் குரல்: "டேய் டெஸ்! முப்பத்தஞ்சு வயசாச்சு, போய் உக்காருடா!" அரங்கமே சிரித்தது. என்னை நானே வெளியே எடுத்து, புதுப் பையனை உள்ளே அனுப்பினேன். டெர்ரலும் அவனும் சேர்ந்து ஓடின ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஆலைக்காரர்கள் கரும்பு லாரிகளின் ஹாரனை விடாமல் அடித்தார்கள்.

அவர் இறங்கி வந்து, "இப்பத்தான் உனக்குக் கண்ணு திறந்திருக்கு" என்றார். அதற்கு மேல் பாராட்ட அவருக்குத் தெரியாது.

மெல்போர்னோடு இறுதி ஆட்டம். ரேடியோ எடுத்தால் கேள். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

டெஸ்

*

'சில்வர் டெர்ன்' படகு,
15 அக்டோபர் 1990

அன்புள்ள டெஸ்,

ரேடியோ எடுத்தது. எடுக்காமல் விடுவார்களா? சனிக்கிழமை மத்தியானம் சுற்றியிருந்த படகெல்லாம் வலையை ஏற்றிவிட்டுப் பக்கம் பக்கமாக வந்து நங்கூரம் போட்டுவிட்டன. எங்கள் ரேடியோதான் நல்ல ரேடியோ. பத்துப் பதினைந்து பேர் தளத்தில் உட்கார்ந்து என் ஸ்கோன் ரொட்டியையெல்லாம் காலி செய்தார்கள். நான் அடுப்படியிலேயே இருந்துவிடுவது என்றுதான் நினைத்தேன். முதல் கால்பகுதி முடிவதற்குள் மாவுக் கையோடு மேலே வந்துவிட்டேன்.

கடைசியில் பந்து உன்னிடம் வந்தபோது நெவில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வளையத்தில் பட்டு வெளியே போயிற்று என்று ரேடியோக்காரன் சொன்னதும் அத்தனை பேரும் "ஐயோ" என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஒரு புள்ளியில் தோல்வி. "வளையத்துக்கு நேரா நின்னான், போட்டிருக்கணும்" என்றான் பக்கத்துப் படகுக்காரன். அன்று ரேடியோவில் அப்பாவைப் பற்றிச் சொன்ன அதே ஆள்தான். "அவன் அத்தனை தூரம் கொண்டுவந்ததே பெருசு, வாயை மூடு" என்றேன். பிறகு கீழே போய் உட்கார்ந்தேன். எனக்கு வருத்தமே வரவில்லை, டெஸ். பல மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. அப்பா முழு ஆட்டமும் எழுந்து நின்று பார்த்திருப்பார். நீ நிலைகுலையாமல் கைகுலுக்கிவிட்டு வந்திருப்பாய். எனக்கு வேறென்ன வேண்டும்?

உன் பதிலை நிறையத் தடவை படித்தேன். பயம் என்று நீ எழுதியது எனக்குப் போதும். அந்த விஷயம் முடிந்தது.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அடுத்த வருஷமும் நான் கடலுக்கு வருவேன். அனுமதி கேட்கவில்லை, சொல்லி வைக்கிறேன். உன்னைவிட்டுப் போகிறேன் என்று அர்த்தமில்லை. எனக்கு இந்தக் காலை நேரம் வேண்டும். மற்ற மாதமெல்லாம் நான் மக்காயில்தான், உன்னோடுதான்.

இரண்டு, நவம்பர் முதல் வாரம் படகு கரம்பாவுக்கு வருகிறது. பஸ்ஸில் வரலாம் என்றிருந்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. நீ வண்டியை எடுத்துக்கொண்டு வா. திரும்பும் வழி நீளம். இறுதி ஆட்டத்தைப் பற்றி நீ பேச வேண்டியதெல்லாம் பேசு, நானே கேட்பேன்.

உன்,
ஜனைன்

பி.கு.: தானும் கூட வருவதாக அப்பா எழுதியிருக்கிறார். இடமில்லை என்று சொல்லிவிடு. இருந்தாலும் இல்லை என்று சொல்.