பூரணத்தின் இடுப்பில் வள்ளி

2 ஜூலை 1973, திங்கள்
புழுக்கம். ஆறாம் மாதப் பரிசோதனை. டாக்டரம்மா படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்: 110. நிற்கவைத்து: 76. கண் இருட்டி மேஜையைப் பிடித்தேன். நின்றால் ரத்தத்தை மேலே தள்ளும் நரம்பு எனக்குச் சோம்பேறியாம். கல்லூரி நாளிலிருந்தே இந்த மயக்கம். உத்தரவு: உப்பு கூடுதல். காலுக்குத் துணிக்கட்டு. எழுமுன் உட்கார்ந்து அறுபது எண்ணணும். மகள் வள்ளியைத் தூக்கவே கூடாது.

அத்தைக்கு நம்பிக்கையில்லை. "மாசமா இருக்கவளுக்கு உப்பா? கால் வீங்கிரும்ளா!" ஓரகத்தி பூரணத்துக்கும் ஆறாம் மாதம். இரண்டு பேருக்கும் ஒரே சப்பென்ற குழம்பு. பூரணம் முந்தானைக்குள் மறைத்து எனக்கு ஊறுகாய் கொண்டுவந்தாள். தின்றேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை.

5 வியாழன்
குழாயடியிலிருந்து பூரணம் இரண்டு நடை. கையில் குடம், இடுப்பில் வள்ளி, வாய் நிறையப் பேச்சு. அதே ஆறு மாதம்! நான் கட்டிலில். கை நீட்டினேன். மூன்று வயசுக்காரி சொல்கிறாள்: "அம்மா விழும். சித்திதான் தூக்கணும்."

7 சனி
அத்தை: "ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளத்தாச்சி பேறுகாலம் வரைக்கும் இருக்கப்படாது. பூரணம் திருநெல்வேலிக்கு அவ அம்மா வீட்டுக்குப் போவட்டும்." உள்ளுக்குள் குதித்தேன். உடனே பூரணம்: "யக்கா, வள்ளிய எங்கூட அனுப்புங்க. நீங்க நிம்மதியா படுத்துக்கிடலாம்லா?"
"எம்பிள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும்."

8 ஞாயிறு
எண்ணாமல் எழுந்தேன். பூரணத்திடமிருந்து பிள்ளையைப் பிடுங்கி இடுப்பில் வைத்தேன். கூடம் வரை நடந்தேன், அவள் பார்க்கட்டும் என்று. பிறகு தரை. வள்ளியின் உதடு கிழிந்து ரத்தம். வயிற்றில் ஒரு மணி நேரம் அசைவில்லை. அப்புறம் ஒரு உதை. அழுதேன்.
வள்ளி என்னிடம் வரவில்லை. பூரணம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

11 புதன்
நானேதான் சொன்னேன், கூட்டிப்போ என்று. உட்கார்ந்தபடி வள்ளிக்குத் தலை பின்னிவிட்டேன். கோணல். பூரணம் அவிழ்க்கவில்லை, அதுவும் எரிச்சல்.
எழும்பூர் வரை போகும் தெம்பு இல்லை. அவர் ரயிலேற்றிவிட்டு, பாண்டி பஜாரில் தன் கடைக்குக்கூடப் போகாமல் நேரே வந்தார்.
"அழுதாளா?"
"ஒரு சொட்டு இல்ல. சித்தி மடியில ஏறி உக்காந்து டாட்டா காட்டினா."
என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொல்கிறார். ஏறும்போது மட்டுமாவது அழுதிருக்கலாம்.