கப்பலுக்கு முந்தின பேச்சு

24 மார்ச் 1966, வியாழன்

குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. "மாஸி, ஆஜ் பானி நஹி ஆயேகா" என்று வங்காளிப் பெண் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். முன்பெல்லாம் இந்தத் தீவில், எங்கள் டாலிகஞ்சில், இந்தக் குழாயடியில் அவர்கள் ஒரு வரிசை, நாங்கள் ஒரு வரிசை. மண்டை உடையும். ஒரே வரிசையாக்கியது எங்கள் மாதர் சங்கம். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ராஜமாணிக்கம் பெண்டாட்டியை விறகால் அடித்தபோதும் ஏழு பேர் போய் அவன் வாசலில் உட்கார்ந்தோம். திட்டவில்லை. மூன்று நாள் வெறுமனே உட்கார்ந்திருந்தோம். நாலாம் நாள், "தாய்மாரே, எந்திரிச்சுப் போங்க, கொல்லைக்குக்கூடப் போக முடியல" என்று கும்பிட்டான். பிறகு கை ஓங்கவில்லை.

சங்கத்தில் எனக்குப் பிடிக்காதது செயலாளர் விசாலாட்சி ஒருத்திதான். ஹெட்கிளார்க் சம்சாரம். 1959 ஆவணியில் நான் சேர்ந்த அன்று, எழுதத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினாள். தெரியாதுதான். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டாமா? அந்த ஆத்திரத்தில்தான் மருமகள் செல்லத்திடம் எழுத்துப் படித்தேன். இந்த நோட்டும் அந்த ஆத்திரம்தான்.

28 மார்ச், திங்கள்

மெட்ராஸ் கப்பல் சனிக்கிழமை வந்தது. இன்று சங்கக் கொட்டகையில் ஒரு பெண், தகரப் பெட்டியும் பத்து வயது மகளுமாக. புருஷனைத் தேடி வந்தாளாம். பெயர் பன்னீர்செல்வம், ரோடு வேலையில் மேஸ்திரி.

எல்லோரும் விசாலாட்சியைப் பார்த்தார்கள். அவள் தங்கை ருக்குவுக்குத்தான் பன்னீர்செல்வத்தை நிச்சயம் பண்ணி, வைகாசியில் கல்யாணம்.

அந்தப் பெண் திரும்பினாள்.

"பொன்னம்மாக்கா! நீங்களா!"

மரகதம். கோவில்பட்டி மில் லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவு. 1955 தை மாதம் கழுகுமலைக் கோயிலில் அவளுக்குத் தாலி கட்டினான் பன்னீர்செல்வம். அவனுக்கு அக்கா தங்கை கிடையாது. நாத்தனார் போட வேண்டிய மூன்றாம் முடிச்சைப் போட்டவள் நான்.

நான் என்ன சொன்னேன்? "யாரு தாயி நீ? ஆளு தெரியாமப் பேசுத" என்றேன்.

அவள் நம்பாமல் பார்த்தாள். மகள்தான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

29 மார்ச்

சோறு இறங்கவில்லை.

31 மார்ச், வியாழன்

பன்னீர்செல்வம் வீட்டுக்கு வந்தான். என் மகன் சிவஞானம் ஆபீசுக்குப் போன பிறகு, பார்த்துத்தான் வந்தான்.

"அக்கா, அவளத் தெரியாதுன்னு சொன்னீகளாம். நல்லதாப் போச்சு."

"எவனுக்குடா நல்லது? கைப்பிள்ளையோட விட்டுட்டு வந்தியே."

"நாலு வருஷம் கடுதாசி போட்டேன். கடல் தாண்டினப் பெறவு மனசு அங்கன நிக்கல. என்ன செய்யச் சொல்லுதீக?"

கோபப்படவில்லை. காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "54ல உங்க வீட்டுக்காரரு அரிவாளோட லைனுக்கு வந்தாரு. அப்படி ஒரு பொம்பளையே இங்க இல்லன்னு கோயில்ல அடிச்சு சத்தியம் பண்ணி, பஸ் ஏத்தி விட்டது யாரு? அன்னைக்கு நான் வாய மூடினேன். இன்னைக்கு நீங்க மூடுங்க. சலோ, தீந்துபோச்சு."

உண்மை. அவன் இல்லையென்றால் என் கழுத்து இல்லை. என் மகன் அப்போதே வேலை கிடைத்துத் தீவுக்கு வந்துவிட்டான், அவனுக்கு இது தெரியாது. அவன் அறிந்ததெல்லாம் அப்பா வாந்திபேதியில் செத்தார் என்பது. மூன்று வயதுப் பிள்ளையைக் காலைப் பிடித்துக் கிணற்றுக்குள் தொங்கவிட்டவன் அப்பன் என்று எப்படிச் சொல்லி வளர்ப்பது? அன்று பிள்ளையை வாங்கிக்கொண்டு நடந்தவள்தான். தாலியை நானே கழற்றினேன். எல்லோரும் விதவை என்றார்கள், நானும் ஆமாம் என்றேன்.

3 ஏப்ரல், ஞாயிறு

சமரசக் கூட்டம். பன்னீர்செல்வம் வெள்ளைச் சட்டையில் வந்தான். "இந்தம்மா யாருன்னே தெரியாது" என்றான். பிறகு சுவரில் மாட்டியிருக்கிற சங்கச் சட்டப் பலகையைக் காட்டினான்: "அப்படியே இருந்தாலும் அது கப்பலுக்கு முந்தின பேச்சு. உங்க சட்டம்தான?"

பலகையில் அப்படித்தான் இருக்கிறது. 'கப்பலுக்கு முந்தின பேச்சு இங்கே பேசலாகாது.' 1960இல் ஒரு கல்யாணப் பந்தியில், பரிமாறியவனை ஊரில் எந்தத் தெரு என்று கேட்டு இலையை மடித்து எழுந்தார்கள். அதற்காகப் போட்ட சட்டம். முதலில் கை தூக்கியவள் நான். நல்ல சட்டமென்றும் தூக்கினேன், எனக்கு வசதியென்றும் தூக்கினேன்.

விசாலாட்சி பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பொன்னம்மா, நீங்களும் கோவில்பட்டிதானே?"

"கோவில்பட்டி பெரிய ஊரு" என்றேன்.

முடிவு அடுத்த ஞாயிறு என்று தள்ளிவைத்தார்கள்.

5 ஏப்ரல், செவ்வாய்

குழாயடியில் மரகதம் பிடித்துக்கொண்டாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"எனக்கு அவன் வேண்டாம்க்கா. அம்மையும் ஐப்பசில போயிட்டா, ஊர்ல யாருமில்ல. இங்கனயே ஏதாவது வேலை செஞ்சு பொழச்சுக்கிடுவேன். பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா அப்பன் கையெழுத்துக் கேக்காக. அவன் எம்பிள்ளையே இல்லைங்கான். இவ ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருக்கா, நான் 'ப' போடலாமா கூடாதான்னு. என்ன சொல்ல?"

அந்தப் பெண் அமுதம் வரிசையில் எங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காது மட்டும் இங்கே.

8 ஏப்ரல், வெள்ளி

அவன் எனக்குச் செய்தது உயிர் உதவி. அதற்கு நான் என் வாயைக் கொடுக்கலாம். இன்னொருத்தி பிள்ளையின் பெயரைக் கொடுக்க நான் யார்?

விசாலாட்சி தங்கை ஏமாறட்டும், அந்த வீட்டுக்கு வேண்டும் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதி வைக்கிறேன், நினைத்தேன்தான். ருக்கு எனக்கு என்ன செய்தாள்? பார்க்கும்போதெல்லாம் "சாப்டீங்களா பாட்டி" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

சிவஞானத்திடம் முதலில் சொல்லிவிடலாமென்று சாப்பிடும்போது எதிரே போய் நின்றேன். "என்னம்மா?" என்றான். "கொழம்புல உப்பு சரியா இருக்கா?" என்றேன்.

சீ. கிணற்றடியில் இருந்த தைரியம் எங்கே போச்சு எனக்கு? அன்னைக்கு இருபது வயசு. இன்னைக்கு என்ன கேடு?

10 ஏப்ரல், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாட்சி இல்லாததால் வழக்கை முடிக்கிறோம் என்று விசாலாட்சி வாசிக்கத் தொடங்கினாள். நான் எழுந்தேன்.

"அக்கா, பலகையப் பாருங்க" என்றான் பன்னீர்செல்வம்.

"பாத்தேன். எனக்குப் படிக்கத் தெரியும். என்ன சாதி, எந்தத் தெருன்னு எவனும் கேக்கக் கூடாதுன்னு எழுதினது அது. கட்டினவளக் கை கழுவிட்டுக் கப்பலேறுதவனுக்கு எழுதல."

எல்லாம் சொன்னேன். தை மாதம், புதன்கிழமை, நாயனக்காரர் வராமல் சங்கு மட்டும் ஊதியது, அவன் இரண்டாம் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டது, மூன்றாவது நான் போட்டது, அமுதம் பிறந்தபோது தொப்புள் கொடி சுற்றியிருந்தது. நாள் கிழமை தப்பாமல் சொன்னேன்.

அவன் முகம் கறுத்துவிட்டது. "அப்ப உங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்கதையும் சொல்லுங்க! விதவைன்னு ஊர ஏமாத்துததையும் சொல்லுங்க!"

சிவஞானம் என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்தான். நான் அவனைப் பார்க்காமல் சொன்னேன், "ஆமா. இருந்தாலும் இருப்பாரு. நான் விட்டுட்டு வந்தவ. எம்பிள்ளை உசுரோட வேணும்னு விட்டுட்டு வந்தவ."

ருக்கு எழுந்து வெளியே நடந்தாள். விசாலாட்சி செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாள். நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் சிவஞானம் இல்லை.

13 ஏப்ரல்

என்னோடு பேசுவதில்லை. நான் சோறு வைத்தால் செல்லத்தைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்கிறான்.

14 ஏப்ரல், வருஷப் பிறப்பு

செல்லம் குங்குமச் சிமிழோடு வந்து தயங்கி நின்றாள். "அத்தே, இனிமே பொட்டு வச்சுக்கிடுதீகளா?"

"செத்தவனுக்காக அழிக்கல. இருக்கவனுக்காக வைக்கவும் மாட்டேன். போய்ப் பச்சடியப் பாரு."

சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

24 ஏப்ரல், ஞாயிறு

பன்னீர்செல்வம் வடக்கே லாங் ஐலண்ட் என்கிற இன்னொரு தீவில் வேலை வாங்கிக்கொண்டு படகேறிவிட்டான். பள்ளிக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. போகட்டும். கழுத்தைக் காத்தவன் என்பதையும் மறக்க மாட்டேன், ஓடியவன் என்பதையும் மறக்க மாட்டேன்.

விசாலாட்சி வந்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவை. அப்பன் கையெழுத்து இல்லாவிட்டால் இரண்டு சாட்சி போதும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னாராம். கல்யாணத்தை அறிந்தவர் ஒருவர், சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர். அவள் வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி, ருக்கு பேர் அடிபடுமென்று தயங்குகிறார்.

"கோவில்பட்டி பெரிய ஊருன்னீங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள்.

"பெறவு ஏன் சும்மா இருந்தீக?"

"தங்கச்சி. நீங்க?"

"மகன்."

காப்பி குடித்தோம். மன்னிக்கவில்லை. காப்பி குடித்தோம்.

1 மே, ஞாயிறு

சிவஞானம் பேசினான். துணி காயப்போடுகிற இடத்துக்கு வந்து, கொடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டான்.

"அவரு பேரு என்ன?"

அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. கூட இருந்தபோது சொல்லக் கூடாது, விட்டு வந்தபிறகு சொல்லப் பிடிக்கவில்லை. "வேலுச்சாமி" என்றேன். நாக்கு கசந்தது.

"அப்ப நான் போடுத 'மு' யாரு?"

"எங்கய்யா. முத்தையா. ஒன்னத் தோள்ல போட்டு வளத்தவரு. பள்ளிக்கூடத்துல கேட்டாக. நான் அவர் பேரச் சொல்லிட்டேன்."

"முப்பத்திரண்டு வயசுல எனக்கு என் பேரு தெரியல."

ஈரவேட்டிக்குப் பின்னால் அவன் முகம் தெரியவில்லை. போய்விட்டான். கிணற்றைச் சொல்லியிருக்கலாமோ? வேண்டாம். அதை அவன் தலையில் ஏற்ற மாட்டேன். நான் ஒருத்தி நினைவு வைத்திருந்தால் போதும்.

29 மே

மரகதம் சங்கக் கொட்டகையில் பாலர் வகுப்புக்குச் சமைக்கிறாள். இரண்டாம் சாட்சி இன்னும் கிடைக்கவில்லை. நான் வீட்டில் யாரையும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது?

6 ஜூன், திங்கள்

பள்ளி திறந்தது. விசாலாட்சி, நான், மரகதம், அமுதம், நாலு பேரும் ஹெட்மாஸ்டர் அறையில். இரண்டாம் சாட்சியாக யாரையாவது கெஞ்சிப் பார்ப்போமென்றுதான் போனோம். காகிதத்தில் 'ப. அமுதம்' என்று எழுதியிருந்தது. முதல் கோட்டில் நான் என் பெயரை எழுதினேன். கட்டைவிரலில் மை ஒட்டாமல் எழுதினேன்.

வெளியே சைக்கிள் சாத்துகிற சத்தம். சிவஞானம் உள்ளே வந்தான். செல்லம் சொல்லியிருப்பாள். என்னைப் பார்க்கவில்லை. "போர்ட் ஆபீஸ் கிளார்க்கு. சாட்சி போடலாம்ல சார்?" என்று கேட்டு, பேனாவை மையில் தொட்டு எடுத்தான்.

கோட்டின்மேல் பேனா முள் ஒரு நிமிஷம் நின்றது.

மு. சிவஞானம்.

புள்ளியை அழுத்தி வைத்தான். காகிதத்தை ஊதிக் காயவைத்து, அமுதத்தின் கையில் கொடுத்தான்.

"ஆபீசுக்கு நேரமாச்சு. வாரேம்மா" என்றான், என்னைப் பார்த்து.